மழை பட்ட மூன்று இலை

சரக்… சரக்… சரக்…

முதலில் சத்தம்தான். வேறொன்றும் தெரியாது. பனிமூட்டம் மலையை முழுசாக விழுங்கிவிட்டது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் அந்தச் சத்தம் மட்டும். கொஞ்சம் பொறுங்கள், வெயில் ஏறட்டும்.

இதோ, துடைப்பம் தெரிகிறது. துடைப்பத்தைப் பிடித்த கை தெரிகிறது. கைக்குப் பின்னால் நாற்பது வயதுத் தாம்யா, கருங்கல் பாவிய களத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு நடந்ததில்லை. மலைகள் ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நாளில், ஏழு கடலுக்கும் அந்தப் பக்கம், மேகங்கள் இடுப்பளவில் மிதக்கிற ஒரு நாட்டில் நடந்தது. அந்த நாட்டின் மலைச்சரிவெல்லாம் படி படியாக வெட்டிய வயல். வயலெல்லாம் கோகாச் செடி. சாக்லேட்டுக்குப் போடும் கொக்கோ என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு மரம், இது வேறு செடி. கோகாவில் இலைதான் விளைச்சல். வருஷத்துக்கு மூன்று தடவை, கிளை நோகாமல், விரல் நுனியால் பறிப்பார்கள்.

பறித்த இலையைக் கல் களத்தில் பரப்பி ஒரே வெயிலில் காய வைக்க வேண்டும். ஒரு தூறல் பட்டால் போதும், இலை கருத்துவிடும். கருத்த இலையில் சாரம் இருக்காது. நன்றாகக் காய்ந்த இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தொட்டுக்கொள்வது மாதிரி சாம்பல் உருண்டையைத் தொட்டுக்கொள்வார்கள். பசி அடங்கும். குளிர் தாங்கும். உச்சிக் கணவாயில் மூச்சு முட்டாது. வழியைக்கூட அவர்கள் இலையால்தான் அளந்தார்கள். "அரண்மனை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "மூணு வாய்" என்பார்கள். ஒரு வாய் இலையின் சாரம் தீருகிற வரைக்கும் நடந்தால் அது ஒரு வாய் தூரம்.

அந்த மலையில் இரண்டு வழக்கம் உண்டு. இலை போடுமுன் மூன்று நல்ல இலையைப் பொறுக்கி, விசிறி மாதிரி விரித்துப் பிடித்து, மூச்சை மெல்ல ஊதி, தன்னைச் சுமக்கும் மலையின் பேரைச் சொல்ல வேண்டும். இது ஒன்று. இன்னொருவர் கையிலிருந்து இலை வாங்கினால் உட்கார்ந்துதான் மெல்ல வேண்டும். நின்றபடி மென்றால் கொடுத்தவரை எட்டி உதைத்த மாதிரி. இது இரண்டு.

இரண்டையும் மறந்துவிடாதீர்கள். கதை இவற்றின் மேல்தான் நிற்கிறது.

தாம்யாவின் புருஷன் குசி. காய்ந்த இலை மூட்டைகளை லாமாவின் முதுகில் ஏற்றி அரண்மனைக்குக் கொண்டுபோகிறவன். லாமா என்பது ஒட்டகத்துக்குத் தங்கை முறை. திமில் கிடையாது, திமிர் உண்டு. குசியின் லாமாவுக்குப் பேர் பூக்கா. குசி நடக்கும்போதும் பாடுவான், சாப்பிடும்போதும் பாடுவான். "வாயை மூடிக்கிட்டுத் தின்னுய்யா" என்பாள் தாம்யா. "மூடினா எப்படித் தின்கிறது?" என்பான் அவன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்டுக்கு ஒரு நாள் அமாரு என்ற மந்திரவாதி வந்தான். ஒரு கையில் கருப்புக் குடம். இன்னொரு கையில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்பு. மலை முழுக்க உள்ள இலையைக் காய்ச்சி, அதன் உயிரை மட்டும் பிரித்தெடுத்த உப்பு அது.

"அரசே," என்றான், "உங்கள் ஆயுளில் பாதியைத் தூக்கம் தின்கிறது. இதில் ஒரு துளி நாக்கில் வையுங்கள். களைப்பே இருக்காது."

அரசன் வைத்தான். களைப்பு போயிற்று. போன களைப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது அமாருவின் கருப்புக் குடத்துக்குள் போயிற்று.

அரசன் நக்கினான், அமைச்சர்கள் நக்கினார்கள், காவல்காரர்கள் நக்கினார்கள். ஒரு சிட்டிகை உப்புக்கு ஒரு மலை இலை வேண்டுமே! வருஷத்துக்கு மூன்று பறிப்பு என்பது மாதத்துக்கு மூன்று பறிப்பு ஆயிற்று. தாம்யாவின் களத்தில் இலை வந்து குவிந்தது. அவள் பரப்பினாள், புரட்டினாள், அள்ளினாள். பரப்பினாள், புரட்டினாள், அள்ளினாள். மூன்று நாள் கண்ணை மூடவில்லை. நாலாம் நாள் மத்தியானம், வெயில் நன்றாகக் காய்கிறது, இலை வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று இலை மேலேயே உட்கார்ந்தாள்.

விழித்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. களம் முழுக்க இலை கருத்துக் கிடந்தது. அவள் உடுப்பு மட்டும் நனையவில்லை. பதறிப்போயிருந்ததால் அதை அவள் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குசி சொட்டச் சொட்ட நனைந்து வந்து, "ஓடையில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சிரித்தான்.

களம் காக்கிறவள் மழைக்கு இலையைப் பறிகொடுத்தால் அந்த ஊரில் அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. தாம்யா கருத்த இலையை அவசரமாக வாரினாள். பாதியை மூலையில் பழந்துணிக்கு அடியில் ஒளித்தாள். மீதியை என்ன செய்வது? மறுநாள் பயணம் போகிற குசியின் இடுப்புப் பையில், நல்ல இலைக்குள் கலந்துவிட்டாள். ஒரு தடவைதானே, சமாளித்துக்கொள்வான் என்று நினைத்தாள்.

குசி திரும்பி வரவில்லை. ஒரு பிறை போயிற்று. இரண்டு பிறை போயிற்று. பூக்கா மட்டும் தனியாக வந்து, களத்தின் ஓரத்தில் நின்று, தாம்யாவின் காலடியில் துப்பிவிட்டுச் சொன்னது:

"உன் ஆள் அரண்மனை மதிலைச் சுத்திக்கிட்டிருக்கான்."

தாம்யா துடைப்பத்தைப் போட்டுவிட்டாள். "நீ பேசுவியா?"

"எங்க கூட்டமே பேசும். பேசினா இன்னும் ரெண்டு மூட்டை ஏத்துவீங்கன்னு சும்மா இருக்கோம். கேளு. கணவாய்ல பனி கொட்டுது. உன் ஆள் பையிலிருந்து இலையை எடுத்துப் போட்டான். தெம்பு வரலை, தூக்கம் வந்தது. கண்ணு சொருகுது, முட்டி மடங்குது. அந்தப் பனியில தூங்கினா எழுந்திருக்க முடியுமா? நான் கடிச்சுப் பார்த்தேன், உதைச்சுப் பார்த்தேன். அப்பதான் அந்த அமாரு எங்கிருந்தோ வந்து, நாக்கை நீட்டுன்னான். உன் ஆள் நீட்டிட்டான்."

தாம்யா கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பு நக்கினவன் முதல் பிறையில சோத்து ருசியை மறப்பான்," என்றது பூக்கா. "ரெண்டாம் பிறையில வீட்டு வழியை மறப்பான். மூணாம் பிறையில தன் பேரை மறப்பான். அப்புறம் கூப்பிட்டுத் திருப்ப ஆளே இருக்காது, சும்மா ரெண்டு கால் மட்டும் நடந்துக்கிட்டிருக்கும். மூணாம் பிறைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. கிளம்பு. நல்ல இலை ஒரு பை எடுத்துக்க. அந்த மூலையில பழந்துணிக்கடியில ஒளிச்சு வச்சிருக்கியே, அதையும் எடு."

தாம்யாவுக்கு முகம் சுட்டது. "அது எதுக்கு? சாரமில்லாத இலை."

"சாரமில்லைதான். ஆனா அதுல வேற ஏதோ இருக்கு. குசி சொக்கினதைப் பார்த்தவன் நான். எது மேல நீ படுத்துத் தூங்கினே? உன் தூக்கம் அதுல ஊறிக் கிடக்கு."

தாம்யா பழந்துணியை விலக்கிக் கருத்த இலையையும் எடுத்தாள். இரண்டு பையையும் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

முதல் வாய் தூரம் நடந்தார்கள். மூன்று இலை எடுத்து, மூச்சை ஊதி, மலைக்குக் கொடுத்தாள். அங்கே ஒரு பள்ளத்தாக்கு. புல்லுக் கயிற்றால் பாலம் பின்னுகிறவன் ஒருவன் உட்காராமல் குனிந்து பின்னிக்கொண்டிருந்தான். பாலம் எப்போதோ அக்கரையைத் தொட்டுவிட்டது. மிச்சக் கயிறு அவனுக்குப் பின்னால் குன்று மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"அண்ணே, பாலம் முடிஞ்சுபோச்சே. உட்காருங்க, ஒரு வாய் இலை போடலாம்."

"நேரமில்லை, நேரமில்லை, நேரமில்லை."

"தூக்கம் வரலையா அண்ணே?"

"தூக்கமா? அப்படின்னா?" என்றான் அவன். அவன் விரல்களிலிருந்து ரத்தம் கசிந்து கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வாய் தூரம் நடந்தார்கள். மூன்று இலை எடுத்து, மூச்சை ஊதி, மலைக்குக் கொடுத்தாள். அங்கே படி வயல்கள். பெண்கள் வரிசையாக நின்று இலை பறித்தார்கள். ஆனால் செடியில் இலையே இல்லை, மொட்டைக் குச்சி. வெறுங்காற்றை விரலால் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, செடி மூச்சு வாங்குது. நீங்களும் உட்காருங்க, ஒரு வாய் இலை போடலாம்."

"நேரமில்லை, நேரமில்லை, நேரமில்லை."

"தூக்கம் வரலையா அக்கா?"

"தூக்கமா? அப்படின்னா?"

மொட்டைச் செடி ஒன்று தாம்யாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "மூணு மாசம் எங்களைத் தொடாம விடச் சொல்லேன், தளிர்த்துக்கிறோம்" என்றது. அதன் குரல் சருகு நொறுங்குகிற மாதிரி இருந்தது. தாம்யா குச்சியைத் தடவிக்கொடுத்துவிட்டு நடந்தாள்.

மூன்றாம் வாய் தூரம் நடந்தார்கள். மூன்று இலை எடுத்து, மூச்சை ஊதி, மலைக்குக் கொடுத்தாள். அங்கே அரண்மனை. வாசலில் அரசன் நின்றுகொண்டு, எதிரில் ஆளே இல்லாமல் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். "அந்த மலையை நகர்த்துங்கள்! இந்த ஆற்றைத் திருப்புங்கள்!" ஆறு அதுபாட்டுக்கு ஓடியது.

மதிலோரம் மூட்டையும் முதுகுமாகக் குசி வந்தான். கண் சிவந்து, கன்னம் ஒட்டி, பாட்டு இல்லாமல் வந்தான்.

"யோவ், குசி!"

"வழி விடும்மா. சுமை இருக்கு."

அம்மா என்கிறான்! யாரையோ கூப்பிடுகிற மாதிரி. தாம்யா கூடவே ஓடினாள். "நான் தாம்யா. களத்துத் தாம்யா. இந்தா, நம்ம வீட்டு இலை. உட்காருய்யா, ஒரு வாய்."

இரண்டு கையாலும் நீட்டினாள். இருந்த நல்ல இலை முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. அவன் நிற்காமல் நடந்த வேகத்தில் தோள் இடித்தது. இலையெல்லாம் பறந்து மதிலைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிற்று.

"உன் பேராவது தெரியுமா?" என்று கத்தினாள்.

அவன் யோசித்தான். நடந்துகொண்டே யோசித்தான். "கு…" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மதில் திரும்பியது, அவனும் திரும்பிப் போய்விட்டான்.

தாம்யா நேரே கோபுரத்துப் படி ஏறினாள். தடுக்க வேண்டிய காவல்காரர்கள் படியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கோபுர உச்சியில் அமாரு மூலைக்கு மூலை நடந்துகொண்டிருந்தான். நடுவில் கருப்புக் குடம். பக்கத்தில் போனதுமே தாம்யாவுக்குக் கை கால் கனத்தது. ஒரு நாட்டு மக்களின் களைப்பு அதற்குள் ததும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

"என் புருஷனை விட்டுடுங்க," என்றாள்.

"நான் யாரையும் பிடித்து வைக்கவில்லையே. கதவு திறந்துதான் இருக்கிறது. நிற்கத் தெரியவில்லை அவனுக்கு."

"இவ்வளவு பேரோட களைப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

அமாரு நடையை நிறுத்தவில்லை. ஆனால் குரல் தணிந்தது. "குடிக்கிறேன். தினமும் ஒரு கிண்ணம். இதைக் குடித்தாலாவது தூக்கம் வராதா என்று குடிக்கிறேன். முதல் உப்பை நக்கியவன் நான்தான், தெரியுமா? எழுபது வருஷம் ஆயிற்று. அடுத்தவன் களைப்பு தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தூக்கம் மட்டும் வர மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் வரும். இன்னும் ஒரு ஊர், இன்னும் ஒரு நாடு…"

தாம்யா அவனைப் பார்த்தாள். கெட்டவனைப் பார்க்க வந்தவளுக்கு, அங்கே தூக்கம் வராத ஒரு கிழவன்தான் தெரிந்தான்.

"என்கிட்ட இலை இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். போன தடவை இந்த இலையைக் கொடுத்தபோது வாயைத் திறக்காமல் கொடுத்தாள். "இது நல்ல இலை இல்லை. மழை பட்டுக் கருத்தது. காய வச்சிருந்தப்ப நான் அது மேலேயே தூங்கிட்டேன். தெரியாத மாதிரி என் புருஷன் பையில கலந்துட்டேன். அதனாலதான் அவர் இங்க இருக்கார்."

அமாரு அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் கேட்டான்.

"தூங்கினாயா?"

"ஆமா."

"எப்படி இருந்தது?"

பசித்தவன் பக்கத்து வீட்டு விருந்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டான். தாம்யா சொன்னாள். "கல்லு சூடா இருந்தது. இலை வாசனை. முதல்ல கால் காணாம போச்சு. அப்புறம் கை. யாரோ தூரத்துல சிரிச்சாங்க, அது யாருன்னு நினைக்கிறதுக்குள்ள நினைப்பும் போச்சு. எச்சில் ஒழுகியிருக்கு, வெட்கமா இருந்துச்சு."

"எச்சில் ஒழுகியதா!" என்றான் அமாரு. அவன் கண் கலங்கியது. "கொடு."

"கொடுக்கிறேன். மறைக்காம சொல்லிடறேன், கேளுங்க. இதைப் போட்டா நீங்க தூங்கிடுவீங்க. நீங்க தூங்கினா இந்தக் குடத்தை யார் பார்த்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது என் ஆள்தான், அதுக்காகத்தான் கொடுக்கிறேன். அப்புறம் ஒண்ணு. கையில வாங்கினா உட்காரணும். எங்க மலை வழக்கம்."

எழுபது வருஷம் உட்காராதவன் தரையைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே மொட்டையாகிக் கிடந்த மலையைப் பார்த்தான். முட்டி முறிகிற சத்தத்தோடு மெல்ல மெல்ல உட்கார்ந்தான்.

தாம்யா மூன்று கருப்பு இலையை எடுத்து, விசிறியாக விரித்து, அவன் விரலில் வைத்தாள். "ஊதி, உங்க மலை பேரைச் சொல்லுங்க."

"மறந்துவிட்டது."

"அப்ப, 'என்னைச் சுமந்த மண்ணே'ன்னு சொல்லுங்க. அது கேட்டுக்கும்."

அமாரு ஊதினான். "என்னைச் சுமந்த மண்ணே," என்றான். இலையைக் கன்னத்தில் அடக்கினான். "கசக்கிறது," என்றான். "கல்லு சூடாத்தான் இரு…" என்றான். தலை சாய்ந்தது. வாயோரம் எச்சில் ஒரு நூலாக இறங்கியது.

அப்போது குடம் 'டப்'பென்று வெடித்தது. சாம்பல் நிறத்தில், மழை மேகம் மாதிரி, ஒரு நாட்டின் களைப்பு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. அவரவர் களைப்பு அவரவரைத் தேடிப் போயிற்று. அரசன் "இந்த ஆற்றை…" என்றவன் வாசற்படியிலேயே சுருண்டான். காவல்காரர்கள் படிக்கொருவராகச் சாய்ந்தார்கள். படி வயலில் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்தார்கள். பாலக்காரன் தான் பின்னிய கயிற்றுக் குன்றின் மேலேயே விழுந்தான். மெத்தை மாதிரி இருந்திருக்கும். நாடே குறட்டை விட்டது. அரண்மனைக் கிடங்கில் இருந்த வெள்ளை உப்பையெல்லாம் அன்று பெய்த மழை கரைத்துக்கொண்டு போயிற்று.

அமாருவை யாரும் எழுப்பவில்லை. கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாகி, அவன் மேல் ஒரு குன்றாகக் கவிந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்றைக்கும் மூன்று இலை வைத்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் போவார்களாம்.

தாம்யா கீழே வந்தபோது குசி மதிலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பூக்கா ஒரு தடவை முனகிவிட்டுக் குனிந்து கொடுத்தது. "இன்னிக்கு மட்டும்தான் ஆள் சுமப்பேன். ஊர்ல சொல்லிடாதே."

மூன்று வாய் தூரமும் குசி விழிக்கவில்லை. வீட்டிலும் மூன்று நாள் விழிக்கவில்லை. நாலாம் நாள் எழுந்து, "கஞ்சி இருக்கா?" என்றான். குடித்துவிட்டு, "உப்புப் போடலையா?" என்றான். கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாம்யா சிரிக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்தாள். "குசி, உன் பையில கருத்த இலையைக் கலந்தது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்? மழை வந்தப்ப நான் தூங்கிட்டேன்."

"அதுவும் தெரியும்."

அவள் அவனையே பார்த்தாள். நனையாத உடுப்பு இப்போதுதான் ஞாபகம் வந்தது. சொட்டச் சொட்ட அவன் வந்து நின்றதும் ஞாபகம் வந்தது. ஓடை! இருபது வருஷமாக அதே ஓடையைத் தாண்டுகிறவன் அன்றைக்கு மட்டும் வழுக்கி விழுந்தானாம்.

"நீ களத்துக்கு வந்தியா?"

"வந்தேன். மழை ஆரம்பிச்சுது. கையில ஒரே ஒரு போர்வை. இலைக்குப் பிடிக்கிறதா, உனக்குப் பிடிக்கிறதா? நீ மூணு நாளாக் கண்ணை மூடலை." அவன் கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தான். "நின்னு பிடிச்சுக்கிட்டிருந்தேன். எச்சில் வேற ஒழுகிக்கிட்டிருந்தது உனக்கு. சிரிப்பை அடக்கவே முடியலை."

"அப்ப கருத்த இலைன்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனியா? ஏன்யா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

தாம்யா அவன் கிண்ணத்தை வாங்கி இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள்.

மூன்று மாதம் யாரும் செடியைத் தொடவில்லை. விழித்தெழுந்த அரசனின் முதல் கட்டளை அதுதான். அதற்குப் பிறகு வெகு நாள் அவன் கட்டளையே போடவில்லை. குச்சி தளிர்த்தது, தளிர் இலையாயிற்று. கிளை நோகாமல் விரல் நுனியால் பறித்து, முதல் கூடையைத் தாம்யாவின் களத்துக்குத்தான் அனுப்பினார்கள். இலை காய்கிற நாளில் களத்துக்கு இனி இரண்டு பேர், ஒருவர் கண்ணயர்ந்தால் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது.

கூடை வந்து இறங்கிய காலையில் பனிமூட்டம் அப்படியே இருந்தது. குசி களத்தோரம் போர்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்து, பாதிப் பாட்டிலேயே தூங்கிப்போனான். பூக்கா கூடைக்குள் மூக்கை விட்டது. தாம்யா அதை ஒரு தட்டுத் தட்டி விலக்கினாள். வானத்தை ஒரு பார்வை பார்த்தாள். வெயில் ஏறிவிடும் போலத்தான் இருந்தது. ஈரம் கோத்துக் கிடந்த கல்லின் மேல் துடைப்பத்தை வைத்தாள்.

சரக்… சரக்… சரக்…